விளம்பரத்துக்கு ஏற்ற ரெஸ்யூம்: சாட்பாட்டிடம் எதைக் கேட்கலாம், எதை ஒப்படைக்கக் கூடாது

என் அக்கா மகள் ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்த வியாபாரக் கடையில் இரண்டு ஆண்டுகள் கணக்கு வேலை பார்த்தவள். பி.காம். முடித்த கையோடு பிரவுசிங் சென்டரில் தட்டச்சு செய்து வாங்கிய ரெஸ்யூமையே அவள் எல்லா நிறுவனங்களுக்கும் அனுப்பிவந்தாள். சவாலான சூழலில் பணியாற்றி நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பாடுபட விரும்புவதாகத் தொடங்கி, தந்தை பெயர், மதம், திருமண நிலை, தெரிந்த மொழிகள் என நீண்டு, மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை என்ற உறுதிமொழியோடு முடியும் அந்தத் தாளில், இரண்டு ஆண்டு உழைப்புக்குக் கிடைத்திருந்தது ஒரே ஒரு வரிதான்: கணக்கு வேலைகளையும் ஜிஎஸ்டி வேலைகளையும் கவனித்தேன். கோயம்புத்தூரில் பம்ப் மோட்டார் தயாரிக்கும் ஒரு நிறுவனம் அக்கவுண்ட்ஸ் எக்ஸிகியூட்டிவ் பணிக்கு ஆள் தேடி விளம்பரம் செய்தது. அதில் கேட்டிருந்த வேலைகளில் பாதிக்கு மேல் அவள் அன்றாடம் செய்துவந்தவைதான். ஆனால் அந்த ஒரு வரியைப் படிப்பவருக்கு அது தெரிய வழியே இல்லை.

ஒரு குறிப்பிட்ட வேலையின் விளம்பரத்தைப் படித்து, அந்த வேலைக்குப் பொருந்தும் அனுபவத்தை முன்னுக்குக் கொண்டுவந்து, பொருந்தாததைச் சுருக்கி அல்லது நீக்கி, விளம்பரம் கொடுத்தவருக்குப் புரியும் சொற்களில் ரெஸ்யூமைத் திருத்தி எழுதுவதையே விளம்பரத்துக்கு ஏற்பத் திருத்துதல் என்கிறோம். இது கணினிக் காலத்துப் பழக்கம் அன்று. 1482-ஆம் ஆண்டளவில் மிலான் நகரை ஆண்ட லூடோவிகோ ஸ்ஃபோர்சாவிடம் வேலை கேட்டு லியொனார்டோ டா வின்சி எழுதிய கடிதத்தின் வரைவு இன்றும் கிடைக்கிறது. எளிதில் தூக்கிச் செல்லத்தக்க பாலங்கள், முற்றுகையின்போது அகழி நீரை வடிக்கும் முறைகள், பீரங்கிகள், மூடிய போர் வண்டிகள் என்று தமக்குத் தெரிந்த போர்க்கலைகளையே அதில் அவர் வரிசையாக அடுக்குகிறார். பின்னாளில் மோனாலிசாவை வரைந்த அந்த மனிதர், தமக்கு ஓவியமும் வரும் என்பதைக் கடிதத்தின் கடைசிப் பகுதியில்தான் சொல்கிறார். போர்ச்சூழலில் இருந்த ஓர் ஆட்சியாளருக்கு எது வேண்டும் என்று எண்ணிப் பார்த்து, தம்மிடம் உள்ளவற்றில் அதை எடுத்து முன்னால் வைத்தார்.

ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் இப்படி உட்கார்ந்து எழுத முன்பெல்லாம் பலருக்கு நேரமும் இருக்கவில்லை, ஆங்கிலமும் கைகொடுக்கவில்லை. ஓபன்ஏஐ நிறுவனம் 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடியைப் பொதுமக்களின் பயன்பாட்டுக்குத் திறந்துவிட்ட பிறகு நிலைமை மாறியது. இன்று கூகுளின் ஜெமினி, மைக்ரோசாஃப்டின் கோபைலட், ஆந்த்ரோபிக்கின் கிளாட் எனப் பல சாட்பாட்கள் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. இலவசமாகக் கிடைக்கும் வசதிகளே இந்த வேலைக்குப் போதும். தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: டிஎன்பிஎஸ்சி போன்ற அரசுத் தேர்வுகளுக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு இந்தக் கட்டுரை பயன்படாது. அங்கே எல்லாருக்கும் ஒரே படிவம்தான். தனியார் நிறுவன வேலைகளைப் பற்றியே இங்கே பேசுகிறேன்.

சாட்பாட் எப்படி எழுதுகிறது?

சாட்பாட்டின் உள்ளே இருப்பது பெருமொழி மாதிரி எனப்படும் மென்பொருள். இணையப் பக்கங்கள், நூல்கள், கட்டுரைகள் என மிகப் பெரிய எழுத்துத் தொகுப்பில் பயிற்சி பெற்று, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்பதை அது கணிக்கக் கற்றிருக்கிறது. நாம் ஒன்றைக் கேட்டால், அந்தக் கேள்விக்குப் பொருத்தமாகத் தொடரக்கூடிய சொற்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து விடையை உருவாக்குகிறது. அது படித்த எழுத்துகளில் எண்ணற்ற மாதிரி ரெஸ்யூம்களும், வேலை விளம்பரங்களும், நேர்காணல் குறிப்புகளும் இருந்ததால், ஒரு ரெஸ்யூம் எந்த நடையில் இருக்க வேண்டும் என்பது அதற்கு நன்றாகத் தெரியும். உங்கள் வாழ்க்கை அதற்குத் தெரியாது. நீங்கள் சொன்னால் மட்டுமே தெரியும்.

இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதில் விளங்கிவிடும். நீங்கள் சொல்லாமல் விட்ட இடத்தைச் சாட்பாட் வெறுமையாக விட்டுவைப்பதில்லை. மாதிரி ரெஸ்யூம்களில் அந்த இடத்தில் வழக்கமாக எது வருமோ அதைக் கொண்டு நிரப்பிவிடுகிறது. திறனை 20 சதவீதம் உயர்த்தினேன், செலவை 15 சதவீதம் குறைத்தேன் போன்ற வரிகள் மாதிரி ரெஸ்யூம்களில் மலிந்து கிடப்பதால், நீங்கள் எந்த எண்ணையும் கொடுக்காதபோதும் அத்தகைய எண் ஒன்று உங்கள் பெயருக்குக் கீழே வந்து உட்கார்ந்துகொள்கிறது. பொய் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் அதற்கு இல்லை. உண்மைக்கும் உண்மைபோல ஒலிப்பதற்கும் உள்ள வேறுபாட்டைச் சரிபார்க்க அதனிடம் உங்கள் வாழ்க்கைப் பதிவு இல்லை, அவ்வளவுதான். 2023 ஜூன் மாதம் நியூயார்க்கில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் இரண்டு வழக்கறிஞர்களுக்கும் அவர்களது நிறுவனத்துக்கும் 5,000 டாலர் அபராதம் விதித்தது. விமான நிறுவனம் ஒன்றுக்கு எதிரான வழக்கில் அவர்கள் தாக்கல் செய்த மனுவில், சாட்ஜிபிடி கற்பனையாக உருவாக்கிய, நடக்கவே நடக்காத வழக்குகள் முன்னுதாரணத் தீர்ப்புகளாகக் காட்டப்பட்டிருந்தன. சட்டம் படித்தவர்களையே ஏமாற்றும் அளவுக்கு அந்த எழுத்து இயல்பாக இருந்தது என்பதை, ரெஸ்யூம் எழுத உட்காரும் நாமும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ரெஸ்யூம் போய்ச் சேரும் இடம்

நடுத்தர, பெரிய நிறுவனங்கள் பலவற்றில் விண்ணப்பங்களைப் பெற்றுச் சேமித்து, தேடித் தரும் மென்பொருள் ஒன்று இருக்கிறது. ஏடிஎஸ் என்று மனிதவளத் துறையினர் அதைச் சுருக்கமாகச் சொல்கிறார்கள். நீங்கள் அனுப்பும் கோப்பைத் திறந்து, பெயர், தொலைபேசி எண், படிப்பு, பணியாற்றிய இடங்கள், திறன்கள் எனப் பிரித்துத் தனித்தனிக் கட்டங்களில் அது பதிந்துகொள்கிறது. ஆள் எடுப்பவர் டேலி (கணக்கு எழுதும் மென்பொருள்), ஜிஎஸ்டி, கோயம்புத்தூர் என்று தேடும்போது அந்தச் சொற்கள் உள்ள ரெஸ்யூம்கள் அவர் திரையில் வருகின்றன. 1997-இல் தொடங்கப்பட்ட நௌக்ரி போன்ற வேலைவாய்ப்புத் தளங்களில் நிறுவனங்கள் ஆள் தேடுவதும் இதே போன்ற சொல் தேடலின் வழியாகத்தான்.

நான்கில் மூன்று ரெஸ்யூம்களை மனிதர் பார்ப்பதற்கு முன்பே இயந்திரம் தள்ளிவிடுகிறது என்று ஒரு கணக்கு எங்கும் பரவியிருக்கிறது. நம்பத்தக்க ஆய்வு எதையும் காட்டாமல் சொல்லப்படும் அந்தக் கணக்கைக் கேட்டு யாரும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் சொற்கள் பொருந்தாததால் தகுதியானவர்கள் விடுபட்டுப் போவது உண்மை. ஹார்வர்டு வணிகப் பள்ளியும் அக்சென்சர் நிறுவனமும் 2021-இல் வெளியிட்ட ஆய்வறிக்கையில், விளம்பரத்தில் குறித்த தகுதிகளோடு அச்சாகப் பொருந்தவில்லை என்பதற்காகவே நல்ல விண்ணப்பதாரர்கள் வடிகட்டப்பட்டு விடுகிறார்கள் என்பதை மிகப் பெரும்பான்மையான நிறுவனத் தலைவர்களே ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

என் அக்கா மகளுக்கு நேர்ந்ததும் இதுதான். கடைவீதியில் பழகிய சொல் ஒன்று, நிறுவனத்தில் புழங்கும் சொல் வேறொன்று. சரக்கு கொடுத்தவர்களின் கணக்கையும் கடைக் கணக்கையும் ஒத்துப் பார்ப்பதை ஜவுளிக் கடைகளில் பார்ட்டி லெட்ஜரை டேலி பண்ணுவது என்பார்கள். கோயம்புத்தூர் விளம்பரத்தில் அதே வேலை வெண்டர் ரீகன்சிலியேஷன் என்ற பெயரில் இருந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் எந்த வியாபாரி எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறார், 30 நாள் ஆனது எது, 60 நாள் ஆனது எது, 90 நாளைத் தாண்டியது எது என்று எக்செலில் பிரித்து முதலாளிக்கு அவள் கொடுத்துவந்த அவுட்ஸ்டாண்டிங் பட்டியலை, விளம்பரம் எம்ஐஎஸ் ரிப்போர்ட் என்றும் டெட்டர்ஸ் ஏஜிங் என்றும் குறித்திருந்தது. இரண்டு ஆண்டுகள் தவறாமல் செய்த வேலையின் பெயர் தெரியாத ஒரே காரணத்தால், அந்த வேலையே தனக்குத் தெரியாது என்று நினைத்து அவள் விண்ணப்பிக்கத் தயங்கிக்கொண்டிருந்தாள். சிறு நகரங்களில் கடைகளிலும் பட்டறைகளிலும் வேலை கற்ற ஏராளமான பிள்ளைகள் இப்படித்தான் தயங்கி நிற்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். சாட்பாட் அவர்களுக்குச் செய்யக்கூடிய முதல் உதவி, அலங்கார ஆங்கிலம் எழுதித் தருவதைக் காட்டிலும், அவர்கள் செய்த வேலைக்கு அவர்கள் போக விரும்பும் இடத்தில் என்ன பெயர் என்று சொல்லித் தருவதே என்று நான் கருதுகிறேன்.

முதலில் வேலையைச் சொல்ல வேண்டும், தமிழிலேயே

பெரும்பாலானவர்கள் பழைய ரெஸ்யூமையும் விளம்பரத்தையும் ஒட்டி, இதற்கு ஏற்ப மாற்றித் தரவும் என்று ஒரே வரியில் கேட்டுவிடுகிறார்கள். பழைய ரெஸ்யூமில் சரக்கு இல்லாதபோது சாட்பாட் எதை வைத்து எழுதும்? அதனால்தான் கற்பனை நுழைகிறது. ஆகவே ரெஸ்யூமைத் தொடுவதற்கு முன், செய்த வேலையை முழுமையாக எழுதிவைக்க வேண்டும். அதைத் தமிழிலேயே எழுதலாம், தட்டச்சு வராதவர்கள் பேசியும் பதியலாம். இன்றைய சாட்பாட்கள் தமிழில் சொன்னதைப் புரிந்துகொண்டு ஆங்கிலத்தில் எழுதித் தருகின்றன.

நாங்கள் அன்று கொடுத்த முதல் கட்டளை இதுதான்: "நான் ஒரு ஜவுளி மொத்த வியாபாரக் கடையில் இரண்டு ஆண்டுகள் கணக்கு வேலை பார்த்தேன். என் வேலையைப் பற்றி ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கவும். என் பதில் தெளிவாக இல்லையென்றால் மேலும் கேட்கவும். இப்போதைக்கு ரெஸ்யூம் எதையும் எழுத வேண்டாம்." எழுதச் சொல்வதற்கு முன் கேள்வி கேட்கச் சொன்னதில்தான் பெரும் பயன் கிடைத்தது. மாதம் எத்தனை பில்கள் போடுவீர்கள் என்று கேட்டது. ஏறத்தாழ 400 என்றாள். எத்தனை சப்ளையர்கள் என்றது. 60 பேர் இருக்கும் என்றாள். சப்ளையர்கள் தங்கள் ஜிஎஸ்டி ரிட்டர்னில் காட்டிய பில்களைத் தொகுத்து மாதந்தோறும் 14-ஆம் தேதி வரும் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையைக் கொள்முதல் பதிவோடு ஒப்பிட்டுப் பார்ப்பீர்களா என்று அது கேட்டபோது, அவள் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். பில்லை ரிட்டர்னில் காட்டாத சப்ளையர்களைக் கண்டுபிடித்துத் தொலைபேசியில் நினைவூட்டியது, வெளியூர் செல்லும் சரக்குக்கு இ-வே பில் எனும் மின்னணு அனுப்புச் சீட்டு எடுத்தது, வங்கிக் கணக்கு அறிக்கையோடு டேலியை ஒத்துப் பார்த்தது என ஒவ்வொன்றாக வெளியே வந்தன. முக்கால் மணி நேரத்தில் அவளிடம் இரண்டு பக்கக் குறிப்பு சேர்ந்துவிட்டது. அந்தக் குறிப்பைத் தனியாக ஒரு கோப்பில் சேமித்துவைக்கச் சொன்னேன். விளம்பரங்கள் மாறும், ரெஸ்யூம்கள் மாறும், அந்தக் குறிப்பு மட்டும் மாறாது. எந்த விண்ணப்பத்துக்கும் மூலம் அதுதான்.

அடுத்து விளம்பரத்தைப் படிக்க வேண்டும். இதையும் சாட்பாட்டிடம் கேட்கலாம் என்றாலும், முதலில் நீங்களே ஒரு முறை நிதானமாகப் படித்துவிடுங்கள். கட்டாயம் வேண்டும் என்று கேட்டிருப்பவை எவை, இருந்தால் நல்லது என்று சொல்லியிருப்பவை எவை என்பதைப் பிரித்தறிவதே இங்கே முக்கியம். கோயம்புத்தூர் விளம்பரத்தில் டேலி பிரைம், ஜிஎஸ்டி, டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடித்தம் செய்யும் வருமான வரி), வங்கிக் கணக்கு ஒப்பீடு, எக்செல் ஆகியவை கட்டாயம். பெரிய நிறுவனங்களில் புழங்கும் எஸ்ஏபி மென்பொருள் தெரிந்திருந்தால் முன்னுரிமை. இதன் பிறகு நாங்கள் கொடுத்த கட்டளை சற்று நீளமானது: "கீழே என் வேலைக் குறிப்பும் ஒரு விளம்பரமும் உள்ளன. விளம்பரம் கேட்கும் ஒவ்வொரு தகுதிக்கும் நேராக, என் குறிப்பில் அதற்குச் சான்றாக உள்ள வரியைக் காட்டவும். சான்று இல்லையென்றால் இல்லை என்று எழுதவும். ஒரே வேலைக்கு நான் ஒரு பெயரும் விளம்பரம் வேறொரு பெயரும் பயன்படுத்தியிருந்தால் அதைத் தனியாகக் குறிக்கவும். குறிப்பில் இல்லாத எதையும் சேர்க்க வேண்டாம்." பார்ட்டி லெட்ஜரும் வெண்டர் ரீகன்சிலியேஷனும் ஒன்றே என்பது தெரிந்தது இந்த இடத்தில்தான்.

இல்லை என்று வந்தவையும் பயனுள்ளவையே. எஸ்ஏபி இல்லை. டிடிஎஸ் பாதி: ஆடிட்டர் அலுவலகம் சொன்னபடி பதிவு போட்டிருக்கிறாள், தானாகக் கணக்கிட்டதில்லை. கட்டாயத் தகுதிகளில் பெரும்பாலானவை இருந்து ஒன்றிரண்டு குறைந்தால் தயங்காமல் விண்ணப்பிக்கலாம் என்பது என் எண்ணம். பாதிக்கு மேல் இல்லை என்று வந்தால், அந்த விளம்பரத்துக்காக மெனக்கெடுவதை விட்டு வேறொன்றைத் தேடுவது நல்லது. எத்தனை திருத்தினாலும் இல்லாத அனுபவத்தை ரெஸ்யூமால் உண்டாக்க முடியாது.

ஒரு வரியின் கதை

கணக்கு வேலைகளையும் ஜிஎஸ்டி வேலைகளையும் கவனித்தேன் என்ற பழைய வரியைச் சாட்பாட் முதலில் இப்படி மாற்றியது, அதன் ஆங்கிலத்தைத் தமிழில் தருகிறேன்: மாதந்தோறும் 400-க்கும் மேற்பட்ட விற்பனை பில்களை நிர்வகித்து, ஜிஎஸ்டி ரிட்டர்ன்களை உரிய காலத்தில் தாக்கல் செய்து, பிழைகளை 20 சதவீதம் குறைத்தேன்.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. அவளும் மகிழ்ந்துபோனாள். ஆனால் இந்த ஒரே வரியில் மூன்று இடங்களில் உண்மை நழுவியிருக்கிறது. ஏறத்தாழ 400 என்று அவள் சொன்னது 400-க்கும் மேற்பட்ட என்று ஆகிவிட்டது. 20 சதவீதம் என்பதை யாரும் சொல்லவேயில்லை. மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் பெரியது: ரிட்டர்னைத் தாக்கல் செய்தது அவள் அல்லள், ஆடிட்டர் அலுவலகம். மாதம் 11-ஆம் தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டிய ஜிஎஸ்டிஆர்-1 எனும் விற்பனைப் படிவத்துக்கான விவரங்களை 8-ஆம் தேதிக்குள் தயார்செய்து கொடுப்பது மட்டுமே அவள் வேலை. தாக்கல் செய்தேன் என்று எழுதியவரிடம், ஜிஎஸ்டிஆர்-3பி எனும் வரி செலுத்தும் படிவத்தில், திருப்பிக் கொடுக்க வேண்டிய உள்ளீட்டு வரியை (கொள்முதலில் கட்டியதற்காகக் கழித்துக்கொண்ட வரியை) எந்த அட்டவணையில் காட்டுவீர்கள் என்று நேர்காணலில் கேட்பார்கள். நான்காவது அட்டவணையின் பி பிரிவில் என்று, அந்தப் படிவத்தைத் தன் கையால் நிரப்பியவருக்கு யோசிக்காமலே வாயில் வரும். நிரப்பாதவர் அங்கே திணறும்போது, உண்மையாகவே செய்த மற்ற வேலைகளின் மீதும் கேட்பவருக்கு ஐயம் வந்துவிடுகிறது.

இறுதியாக நின்ற வரி இது: மாதந்தோறும் ஏறத்தாழ 400 விற்பனை பில்களை டேலி பிரைமில் பதிந்து, ஜிஎஸ்டிஆர்-1 விவரங்களை 8-ஆம் தேதிக்குள் ஆடிட்டர் அலுவலகத்துக்குத் தயார்செய்து கொடுத்தேன், 60 சப்ளையர்களின் பில்களை 2பி அறிக்கையோடு ஒப்பிட்டு, விடுபட்டவற்றைத் தொடர்ந்து சரிசெய்தேன். இதில் பெருமையான சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் கணக்குத் துறையில் பத்து ஆண்டு இருந்த ஒருவர் இதைப் படித்தால், எழுதியவள் வேலை தெரிந்தவள் என்று உடனே கண்டுகொள்வார். தயார்செய்து கொடுத்தேன் என்ற சொல் தாக்கல் செய்தேன் என்பதைவிடச் சிறியதாகத் தோன்றலாம். அடுத்து வந்த தேதியும் எண்ணிக்கையும் அந்தச் சிறுமையைப் போக்கிவிடுகின்றன.

எண் இல்லாத இடத்தில் எண்ணைத் தேடி அலைய வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். ரெஸ்யூமில் ஒவ்வொரு வரியிலும் சதவீதம் வேண்டும் என்று பலர் அறிவுரை சொல்வதைக் கேட்டு, இல்லாத சதவீதத்தைப் பிள்ளைகள் எழுதிவிடுகிறார்கள். எத்தனை பில், எத்தனை சப்ளையர், எத்தனை நாளுக்குள், வாரத்துக்கு எத்தனை முறை என்ற சாதாரண எண்ணிக்கைகள் எந்த வேலையிலும் இருக்கும். அவை போதும்.

இப்படி எல்லா வரிகளையும் திருத்திய பிறகு, கடைசியாக ஒரு கட்டளை கொடுப்பது என் வழக்கம்: இந்த ரெஸ்யூமில் உள்ள ஒவ்வொரு வரியும் என் குறிப்பின் எந்த வரியிலிருந்து வந்தது என்று காட்டவும், அப்படிக் காட்ட முடியாதவற்றைத் தனியே பட்டியலிடவும். எங்கள் பட்டியலில் எஸ்ஏபி மென்பொருளில் அடிப்படை அறிவு என்ற வரி அகப்பட்டது. சேர்க்க வேண்டாம் என்று சொல்லியும் எங்கோ ஓரிடத்தில் அது நுழைந்திருந்தது. இந்தச் சோதனையையும் சாட்பாட்டே செய்வதால் இதிலும் பிழை வரலாம். ஆகவே குறிப்பை ஒரு கையிலும் ரெஸ்யூமை மறு கையிலும் வைத்துக்கொண்டு நீங்களே ஒரு முறை வரி வரியாகப் பார்த்தாக வேண்டும். கால் மணி நேர வேலைதான்.

ஆங்கிலமும் அமைப்பும்

சாட்பாட்டின் ஆங்கிலத்துக்கு ஓர் ஊதிப்போன இயல்பு உண்டு. பேரார்வம் மிக்க, முடிவுகளை நோக்கிச் செயலாற்றும், புதுமைச் சிந்தனை கொண்ட என்ற பொருளில் அடைமொழிகளை முதல் பத்தியிலேயே கொட்டிவிடும். நாள்தோறும் நூற்றுக்கணக்கான ரெஸ்யூம்களைப் பார்ப்பவர்களுக்கு இந்த நடை எங்கிருந்து வந்தது என்பது இப்போது நன்றாகவே தெரிகிறது. அடைமொழிகளை நீக்கி, எளிய ஆங்கிலத்தில், சிறு வாக்கியங்களில் எழுதவும் என்று கேட்டால் எழுதித் தரும். ஓர் அளவுகோல் வைத்துக்கொள்ளலாம்: நேர்காணலில் உங்கள் வாயால் இயல்பாகச் சொல்ல வராத ஆங்கிலச் சொல் உங்கள் ரெஸ்யூமில் இருக்கக் கூடாது. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இது குறையன்று. கணக்குத் துறைக்கு வேண்டிய ஆங்கிலம் உண்மையில் மிகக் குறைவானது, அதில் பெரும்பகுதியைக் கடைவீதியிலேயே அவர்கள் கற்றிருக்கிறார்கள்.

அமைப்பைப் பொறுத்தவரை எளிமையே நல்லது. இரண்டு பத்திகளாகப் பிரித்த வண்ண வார்ப்புருக்கள், கட்டங்கள், திறமையைக் காட்டும் நட்சத்திரக் குறிகள் ஆகியவற்றை ஏடிஎஸ் மென்பொருள்கள் சில வேளைகளில் தாறுமாறாகப் படித்துவிடும். தாளைப் படமெடுத்து பிடிஎஃப் ஆக்கி அனுப்புவது அதைவிட மோசம். படத்துக்குள் இருக்கும் எழுத்தைச் சில மென்பொருள்களால் படிக்க முடியாது. வேர்டில் எழுதி, அதிலிருந்தே பிடிஎஃப் ஆகச் சேமித்தால் போதும். இரண்டு மூன்று ஆண்டு அனுபவம் உள்ளவருக்கு ஒரு பக்கம் தாராளம். மதம், திருமண நிலை, தந்தை பெயர் போன்றவற்றைத் தனியார் நிறுவனங்கள் கேட்டால் ஒழியக் கொடுக்கத் தேவையில்லை, அந்த இடத்தை வேலைக்குக் கொடுக்கலாம். விளம்பரத்தின் சொற்களை வெள்ளை எழுத்தில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிவைக்கும் தந்திரம் ஒன்றும் உலவுகிறது. கோப்பை எழுத்தாக மாற்றும்போது மறைத்துவைத்தது அப்படியே திரையில் தெரிந்துவிடும் என்பதால், அதன் பிறகு அந்த நிறுவனத்தில் உங்கள் பெயர் எடுபடாது.

சாட்பாட் தன் விடையின் தொடக்கத்திலும் முடிவிலும் சேர்க்கும் வரிகளையும் கவனித்து நீக்க வேண்டும். நீங்கள் கேட்டபடி திருத்திய ரெஸ்யூம் இதோ என்ற முகவுரையோடும், நிறுவனத்தின் பெயரை இங்கே இடவும் என்ற அடைப்புக்குறியோடும் வந்த விண்ணப்பங்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒன்றிரண்டில் அனுப்பியவர் உண்மையிலேயே தகுதியானவராக இருந்ததுதான் வருத்தம்.

கொடுக்கக் கூடாதவை

சாட்பாட்டில் நீங்கள் ஒட்டுவது உங்கள் கைப்பேசிக்குள் நின்றுவிடுவதில்லை, அந்த நிறுவனத்தின் கணினிகளுக்குச் செல்கிறது. ஆதார் எண், பான் எண், பிறந்த தேதி, வீட்டு முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றை எடுத்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். அவை இல்லாமலே சாட்பாட்டால் எல்லா வேலையையும் செய்ய முடியும், பெயரையும் எண்ணையும் கடைசியில் நீங்களே சேர்த்துக்கொள்ளலாம். பலரும் மறப்பது பழைய முதலாளியின் விவரங்களை. கடையின் விற்றுமுதல், வாடிக்கையாளர்களின் பெயர்கள், எவர் எவ்வளவு பாக்கி என்பவையெல்லாம் அவர் உங்களை நம்பிக் கொடுத்தவை. வேலையை விளக்க எண்ணிக்கை போதும், பெயர்கள் தேவையில்லை. உரையாடல்களைத் தங்கள் மாதிரியின் பயிற்சிக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று தெரிவிக்கும் வசதி பல சாட்பாட்களின் அமைப்புப் பகுதியில் உண்டு. முதல் நாளே அதைத் தேடி நிறுத்திவைப்பது நல்லது.

அனுப்பிய பிறகு

ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு ரெஸ்யூம் என்று ஆனபின், எதை எவருக்கு அனுப்பினோம் என்பது மறந்துபோகும். விண்ணப்பிக்கும் காலம் முடிந்ததும் விளம்பரமும் தளத்திலிருந்து போய்விடும். ஆகவே நிறுவனத்தின் பெயரும் தேதியும் இட்ட ஒரு கோப்புறையில் விளம்பரத்தின் படத்தையும் அனுப்பிய ரெஸ்யூமையும் சேர்த்து வைக்க வேண்டும். நேர்காணலுக்கு அழைப்பு வந்தால் அந்த இரண்டையும் சாட்பாட்டிடம் கொடுத்து, இந்த ரெஸ்யூமைப் படித்த ஒரு கணக்கு மேலாளர் என்னவெல்லாம் கேட்பார் என்று கேட்கலாம். விடைகளை மட்டும் அதனிடம் கேட்க வேண்டாம்.

கோயம்புத்தூர் நிறுவனத்திலிருந்து ஐந்து வாரம் கழித்து அழைப்பு வந்தது. 90 நாளைத் தாண்டிய பாக்கியை எப்படி வசூலித்தீர்கள் என்பதுதான் அங்கே அவளிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி. ரெஸ்யூமில் அந்தப் பட்டியலைப் பற்றி ஒரு வரி மட்டுமே இருந்தது. பார்ட்டிக்குப் போன் செய்வதற்கு முன் அந்தச் சரக்கின் லாரி ரசீது நகலைத் தேடி எடுத்து மேசையில் வைத்துக்கொள்வேன், சரக்கு வரவில்லை என்று சொன்னால் ரசீது எண்ணையும் இறக்கிய தேதியையும் அப்போதே சொல்லிவிடுவேன், அதன் பிறகு அவர்கள் பேச்சு பணம் எப்போது என்பதற்கு வந்துவிடும் என்று அவள் சொன்னாளாம். கேட்டவர் தன் கையிலிருந்த ரெஸ்யூமைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கடையைப் பற்றி மேலும் விசாரிக்கத் தொடங்கினார் என்றாள்.